எட்டு என்று எழுதிய பக்கங்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகம், அந்தச் சொல்லை இந்த முறை ஒன்றுக்கு இரண்டு தடவை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன், ஏன் என்று போகப் போகத் தெரியும். நீயும் உன்னோடு பாலம் கட்டுகிறவர்களும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது கேள்வி கேட்பாய். கடிதம் என்றால் முடிகிற வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டு படித்தாக வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. ஐந்தாவது முறை மருந்து ஏற்றியாகிவிட்டது, ஆறே முக்காலில் கிடந்த ரத்த அளவு இப்போது பத்தைத் தாண்டிவிட்டது. என் உடம்பே என் சிவப்பணுக்களை எதிரி என்று நினைத்து உடைக்கிறது, உடைக்கிற கையைப் பிடித்து நிறுத்தத்தான் இந்த ஆன்டிபாடி மருந்து என்று உனக்குத் தெரியும். லட்சம் பேரில் ஒருவருக்கு வருகிற நோய் என்பதால் இந்தப் புது மருந்துச் சோதனைக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம், என்னையும் சேர்த்து இருபத்திரண்டு பேர்தான். அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தன் பொய் சொன்னான், அது உன் அப்பா.

சேர்ந்த முதல் நாளே நர்ஸ் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, தினமும் தெம்பு எப்படி என்று பத்துக்கு ஒரு மார்க் போடச் சொன்னாள். மருந்து ஏறுவதற்கு முந்தின வாரத்திலிருந்தே எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பினேனே, அதே நோட்டுதான். உனக்கு ஒரு மார்க், டாக்டருக்கு ஒரு மார்க் என்று இரண்டா எழுத முடியும்? மூன்று மாடி ஏற மூன்று இடத்தில் உட்கார்ந்தேன், சட்டைப் பொத்தான் போட்டு முடித்தால் மூச்சு வாங்கியது, உண்மையில் இரண்டு மார்க்குக்கு மேல் தேறாது. இரண்டு என்று பார்த்தால் நீ அடுத்த வண்டியில் ஏறியிருப்பாய். உன் பொறுப்பில் விட்ட முதல் பாலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்காருவாய் என்று பயந்து எட்டு என்று எழுதினேன். ஒரு நாள் ஏழு, மறுநாள் எட்டு, பார்க்க நம்பும்படியாக இருக்கட்டும் என்று.

போன வாரம் டாக்டரம்மா என் நோட்டையும் ரத்த ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முகம் வாடிப்போனாள். ரத்தம் நல்லா ஏறுது, ஆனா தெம்பு எட்டுல ஆரம்பிச்சு எட்டுலயே நிக்குதே, அப்போ இந்த மருந்து ரத்தத்தை ஏத்துதே தவிர ஆளை எழுப்பலையோ என்றாள். அடுத்த நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர், அவருக்கு அன்றுதான் இரண்டாவது தடவை. அதைக் கேட்டுவிட்டு, அப்போ நான் திரும்ப வண்டி எடுக்கவே முடியாதாம்மா என்று நர்ஸிடம் மெல்லக் கேட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். முப்பது வருஷமா தராசு ரிப்பேர் பண்ணி ஊர்ல இருக்கிற தராசையெல்லாம் குறை சொன்னீங்களே, எடை போடுறதுக்கு முன்னாடி உங்க முள்ளு எங்க நின்னுதுன்னு பாத்தீங்களா என்றாள். அன்று மாதிரி நான் வெட்கப்பட்டதே இல்லை, அம்மாடி.

மறுநாள் காலையிலேயே போய் ஒப்புக்கொண்டேன். நர்ஸ் திட்டுவாள் என்று நினைத்தேன், அவள் திட்டவில்லை, பேனாவை எடுத்து நான் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினாள். பழைய பக்கங்களைத் திருத்தித் தருகிறேன் என்றதற்கு, அதைத் தொடவே கூடாது, எழுதுனது எழுதுனதுதான் என்றாள். என்னைச் சோதனையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பெரியவர்கள் கூடிப் பேச வேண்டுமாம். நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மருந்து நின்றால் திரும்ப ஆறே முக்காலுக்குத்தானே போக வேண்டும். நேற்றுதான் முடிவு சொன்னார்கள். ரத்தம் பொய் சொல்லவில்லை, அதனால் ஊசி தொடரும், ஆனால் தெம்புக் கணக்கில் இருபத்தொரு பேர்தான், என் பக்கங்கள் சேராது. மருந்து எனக்கு இவ்வளவு நல்லது செய்தும் அதற்குச் சாட்சி சொல்ல என்னால் முடியாமல் போயிற்று, அந்த வருத்தம் போகாது.

பஸ் டிரைவரிடம் மட்டும் நேரில் சொன்னேன், முதல் வாரம் எனக்கு ரெண்டுதான் தம்பி, இப்போ ஆறு, மாடிக்கு ஒரே ஒரு இடத்தில்தான் நிற்கிறேன் என்று. அண்ணே, உங்க பேச்சை எதை வச்சு நம்புறது என்று சிரித்தார். சிரித்ததே போதும் என்று இருந்தது. மதியம் ஒரு மணி நேரம் பட்டறையில் உட்கார்ந்து ஒரு மருந்துக்கடைத் தராசைப் பிரித்து மாட்டினேன், கை நடுங்கவில்லை, அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உயரத்தில் நிற்கும்போது பெல்ட்டை மாட்டிக்கொள், வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்காதே, வேலை மும்முரத்தில் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. உன் பாலத்தின் மேல் ஆயிரம் வருஷம் வண்டி ஓடட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

வாரா வாரம் போனில் நான் வரட்டுமாப்பா என்று கேட்டாய், ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்றேன். நோட்டில் எழுதியதை விடப் பெரிய பொய் அது. பாலம் முடிந்ததும் வந்துவிட்டுப் போ. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

உன் அப்பா