வெளுத்துப்போன சுண்ணாம்பு

குவைத்
12.2.1993

அன்புள்ள நைனாவுக்கு, மகன் வேம்புலி வணக்கம் சொல்லிக்கிறேன். இங்க நான் நல்லா கீறேன். உன் மூட்டுவலி எப்படிக் கீது? கோவில்பதாகை ஊட்டுக்கு ஓடு மாத்திட்டியா?

பயப்படாம படி. போன வாரம் தண்ணிக்குள்ள மூச்சு முட்டி லேசா தலை சுத்திச்சு, மேல இழுத்துட்டாங்க. அவ்ளோதான். ஆனா வயிறு எரியுது, நைனா!

கடலுக்கடியில கண்ணிவெடி தேடப்போறப்ப நாங்க மாட்டிக்கிற மூச்சு செட்டுல குமிழி வெளிய வராது. நாம விட்ட மூச்சையே ஒரு டப்பா சுண்ணாம்புக் குருணை சுத்தம் பண்ணித் திருப்பித் தரும். வேலை முடிஞ்ச குருணை ஊதாவாயிடும், கொட்டிடணும். ஒரு நாள் சும்மா வெச்சா மறுபடி வெள்ளையாயிடும். சத்து மட்டும் வராது.

சூப்பர்வைசர் சண்முகசுந்தரம் அந்தப் பழசையே எனக்கு ரொப்பிக் குடுத்துகீறான். கேட்டா, "வெள்ளையாத்தானே இருக்கு, அப்புறம் என்ன?"ன்றான். "அப்ப நீ மாட்டிகினு எறங்கு"ன்னேன். அடுத்த டப்பாவை எடுத்துகினு போயிட்டான், படுபாவி. நாளைக்கு வேற எவனுக்காவது ரொப்புவான்.

நீ ஃபேக்டரில கழிச்ச சாமானை எவனும் திரும்ப எடுக்கக் கூடாதுன்னு செவப்பு பெயிண்ட் அடிச்சிட்டு வருவே. உன் நகத்துல அந்தச் செவப்பு போனதே இல்ல. நான் சிரிப்பேன்.

இங்கேருந்து லீவுல ஊருக்கு வந்துகீற நம்ம வீராசாமிகிட்ட எலுமிச்சை ஊறுகாயும், சொட்டு நீலம் நாலு பாட்டிலும் குடுத்தனுப்பு. நான் கழிக்கிற குருணை மேல ஊத்துறேன். அப்புறம் எப்படி வெளுக்குதுன்னு பாக்குறேன்.

தபால் வண்டி கிளம்புது. நீலம் எதுக்குன்னு அம்மா கேட்டா, சட்டைக்குன்னு சொல்லிடு.

உன் மகன்
வேம்புலி