கரடிக்குட்டி ஆற்றைக் கடந்த இடம்

வாலு,

சோறு குக்கரில் இருக்கிறது. முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று கார்ட்டூன் படத்தில் கரடிக்குட்டி தனியாக ஆற்றில் இறங்கியதும் உன் கண்ணைப் பொத்தினேன். "கைய எடும்மா, நான் என்ன பாப்பாவா?" என்று கத்தினாய். உன் தோழிகள் சிரித்துவிட்டார்கள். கண் ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் பிள்ளைகளின் கண்ணைப் பொத்திப் பரிசோதிக்கிற கை இது. என்னைக் கேட்காமலே போய்விட்டது. உன் கோபம் நியாயம்தான். அதற்காகத் தூக்கத்திலுமா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய்?

உனக்கென்று எடுத்த டிக்கெட். படம் என்னவோ என்னைப் பார்த்தே பேசிய மாதிரி இருந்தது.

இன்று சாவியை மாடி வீட்டு அத்தையிடம் கொடுக்கவில்லை. உன் பையில் போட்டிருக்கிறேன். நீயே பூட்டு, நீயே திற. பூட்டியதும் ஒருமுறை இழுத்துப் பார்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

அம்மா

மறந்துவிட்டேன்: என் கையால் நீ பார்க்காமல் போனதையும் சொல்லிவிடுகிறேன். குட்டி முழுகவில்லை. தானாகவே நீந்தி அக்கரை சேர்ந்துவிட்டது. அம்மாக் கரடிதான் இக்கரையில் இரண்டு கையாலும் தன் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றது.