பம்பு வைக்கும் இடம்

பிப்ரவரி 9

நீச்சல் குளத்துக்குக் கோடு போட்டாயிற்று. வீட்டின் பின்புறம் சுண்ணாம்புத் தூளால் ஒரு நீள்சதுரம். அதற்குள் இறங்கி, நீந்துகிறவன் மாதிரி கையை வீசி வீசி நடந்து காட்டினேன். சமையலறை ஜன்னல் வழியாக என் மனைவி பார்த்தாள், சிரிக்கவில்லை. இத்தனைக்கும் குளமே இவளுக்காகத்தான். முழங்கால் வலிக்குத் தண்ணீருக்குள் நடப்பது நல்லது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இவளைக் கேட்டேனா? சொன்னேன். எனக்குக் கேட்பதும் சொல்வதும் எப்போதும் ஒன்றுதான்.

பிப்ரவரி 12

என் தொண்டையில் சின்னதாக ஒரு முடிச்சாம். பயப்பட ஒன்றுமில்லை, கத்திக் கத்தி வந்தது. மர அறுவை மில்லில் ரம்பத்துக்கு மேல் குரல் எழுப்பியே காலம் போனது. அங்கே எனக்கு ‘ஒலிபெருக்கி’ என்றுதான் பெயர். மில்லை விட்டு வந்த பிறகும் வீட்டில் அதே குரல்தான். இனி மெதுவாகத்தான் பேச வேண்டும் என்று டாக்டர் கட்டளை. மகள் போனில் என் புதுக் குரலைக் கேட்டுவிட்டு, “இப்பதான்ப்பா மனுஷன் மாதிரி பேசுறீங்க” என்றாள்.

பிப்ரவரி 17

இவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. காலையில் காபி கேட்டேன், பதில் இல்லை. செருப்பு எங்கே என்றேன், அதற்கும் இல்லை. எதிரே போய் நின்றால் மட்டும் பேசுகிறாள். கொய்யா மரம்தான் காரணம். குழி தோண்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று போன வாரம் வெட்டச் சொல்லிவிட்டேன். இவள் வைத்த மரம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மட்டும் விட்டிருப்பாளா?

பிப்ரவரி 20

குளம் கட்டித் தருகிற அம்மா வந்தார். குழாய் வேலையும் அவரேதான். எல்லாவற்றுக்கும் எல்போ, எல்போ என்று சொல்வதால் நானாக அவருக்கு எல்போ மேடம் என்று பெயர் வைத்திருக்கிறேன். குழாய் திரும்புகிற இடத்துக்கெல்லாம் ஒரு எல்போ வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் தண்ணீரின் வேகம் குறையும், பம்பு திணறும். அதனால் பம்பைக் குளத்துக்குப் பக்கத்திலேயே, எங்கள் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வைத்துவிடலாம் என்கிறார். குழாய் நேராக ஓடும், எல்போவும் குறைவு.

ஜன்னலுக்குக் கீழேயா? இவள் பூனை நடந்தால் எழுந்துகொள்கிறவள். ஏற்கெனவே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், இதில் நாள் முழுக்கப் பம்பு வேறு இரைந்தால் குளத்தில் என்னையே தள்ளிவிடுவாள். கார் கொட்டகைக்குப் பின்னால் வைக்கலாம் என்றேன். வீட்டையே சுற்றிக் கொண்டுபோக வேண்டும், குழாயும் பெரிதாகப் போட வேண்டும் என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். எங்கே என்று முடிவானால்தான் பள்ளம் தோண்டிக் குழாய் புதைக்க முடியும். அதன் பிறகுதான் கான்கிரீட்.

பிப்ரவரி 24

டிவி சத்தத்தை ஏற்றி வைத்திருக்கிறாள். என் மேல் உள்ள கோபம் தெருமுனை வரைக்கும் கேட்கிறது.

மார்ச் 1

இன்று நடந்ததை எப்படி எழுதுவது.

ஒத்திகை பார்த்துவிடலாம் என்று எல்போ மேடம்தான் சொன்னார். பம்பைக் கொண்டுவந்து ஜன்னலுக்குக் கீழே பலகை மேல் வைத்தார். ஒரு பீப்பாய்த் தண்ணீர், உறிஞ்ச ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய். இவளிடம் நேரில் போய் விஷயத்தைச் சொன்னேன்: நீ உள்ளே படுத்துக்கொள், சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று மட்டும் சொல். சரி என்று தலையாட்டினாள்.

போட்டோம். காற்றும் தண்ணீருமாக இழுத்துக்கொண்டு பம்பு ஓர் இரைச்சல் போட்டது பாருங்கள், மில்லில் நின்ற எனக்கே காது அடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். போச்சு, ஜன்னலுக்குக் கீழே என்ற பேச்சே வேண்டாம் என்று சொல்லத்தான் உள்ளே போனேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பரீட்சை எழுதப் போகிற பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு. என்னைக் கண்டதும், “இன்னும் போடலையா? உலையில அரிசி போட்டுட்டு வந்திருக்கேன்” என்றாள்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. அது என் கண்ணில் பட்டதை அவளும் பார்த்தாள். அவள் முகம் — வேண்டாம், எழுத வரவில்லை.

வெளியே வந்து பம்பை நிறுத்தச் சொன்னேன்.  எல்போ மேடம் குனிந்து, ஏற்கெனவே இறுக்கியிருந்த திருகாணியையே மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தார்.

மார்ச் 2

கோபமே இல்லையாம். கொய்யா மரத்துக்காகக்கூட இல்லையாம். (கொஞ்சம் இருக்கிறதாம்.)

எப்போதிலிருந்து இப்படி என்றேன். “எனக்கே தெரியல. நீங்கதான் ஊரைக் கூட்டுற மாதிரி பேசுவீங்களே. உங்க குரல் இருந்த வரைக்கும் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.” என் குரல் இறங்கியதும்தான் வீடே அமைதியாகிவிட்டது போலத் தெரிந்ததாம். நானாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? மூதேவி, உதட்டைப் பார்த்துப் பார்த்துச் சமாளித்திருக்கிறாள். நான் அதைக் கோபம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

காதுக்குக் கருவி வைத்துக்கொள் என்றேன். முடியாது என்றாள். “அதை மாட்டிக்கிட்டா எல்லாரும் என்கிட்ட குழந்தைகிட்ட பேசுற மாதிரி பேசுவாங்க. இருக்கிறதே போதும்.” எனக்குப் போதாது. இவள் சண்டை போடாத வீட்டில் நான் யாரோடு இருப்பது?

மார்ச் 4

எல்போ மேடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்க சார். அம்மாவுக்குத்தான் தொந்தரவு இல்லையே. ஜன்னலுக்குக் கீழேயே வச்சிடலாமா?”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நேர்க் குழாய், சின்னப் பள்ளம், ஒரே நாளில் முடிகிற வேலை. ஆனால் கான்கிரீட் போட்ட பிறகு குழாய் போட்டது போட்டதுதான். இவளுக்கு இனிமேல் கேட்கவே கேட்காது என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? கொட்டகைக்குப் பின்னால் என்று சொல்லிவிட்டேன். எத்தனை எல்போ வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

மார்ச் 6

வீட்டைச் சுற்றிப் பள்ளம். துணி காயப்போட வந்தவள் பலகை மேல் நின்று பார்த்துவிட்டு, எதிரே வந்து நின்றாள். எதற்கு இவ்வளவு தூரம் என்றாள். பம்பு கொட்டகைக்குப் பின்னால் போகிறது என்றேன். எனக்குத்தான் கேட்காதே என்றாள். அந்த வார்த்தையை அவளே வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“இன்னைக்குக் கேட்கல. கேட்கிற காலத்துல தூக்கம் கெட்டுச்சுன்னா என்னைச் சும்மா விடுவியா?”

அப்படியே திரும்பி உள்ளே போனாள். ஈரத் துணி வாளியோடு.

மார்ச் 7

குழாய்களில் தண்ணீர் ஏற்றி அழுத்தம் பார்த்தார்கள். எங்கேயும் கசிவு இல்லை. இனி மூடலாம்.

சாப்பிடும்போது இவளாகவே, “காது டாக்டர்கிட்ட எப்ப போகலாம்?” என்றாள். சாதாரணமாக, உப்பு கேட்பது போல. எனக்குத்தான் சாதம் தொண்டையில் இறங்கவில்லை. முடிச்சு என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஏப்ரல் 3

கருவி வந்துவிட்டது. செய்தித்தாளைப் புரட்டினால் திடுக்கிடுகிறாள். குழாயைத் திறந்தால் முகத்தைச் சுளிக்கிறாள். எரிச்சலில் காலையில் ஒரு தடவை கழற்றி எறிந்துவிட்டு, சாயங்காலம் தானே தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். நீங்க சாப்பிடும்போது இவ்வளவு சத்தம் வருமா என்று என்னைக் கேட்கிறாள்.

மே 11

குளத்தில் தண்ணீர். கருவியை நனைக்கக் கூடாது என்பதால் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுவிட்டு இறங்கினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்தாள். “வலிக்கலைங்க” என்று அவள் கத்தியது பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்டிருக்கும். நான் பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு கரையோடு கூடவே நடந்தேன்.

மே 19

காலையில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. படுக்கையறையில் நின்றால் துளியும் கேட்காது என்று எல்போ மேடம் சத்தியம் செய்யாத குறை. எனக்கும் கேட்கவில்லை.

“கொட்டகைப் பக்கம் ஏதோ இரையுது” என்றாள் இவள். “இவ்வளவு தூரம் தள்ளி வச்சும் இந்தக் கதின்னா, மனுஷங்க எப்படித் தூங்குறது?”

வேறு நாளாக இருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். இன்று வாயைத் திறக்காமல் போய்க் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். இப்போது எப்படி என்று வாசற்படியில் நின்றே கேட்டேன், டாக்டர் சொன்ன அந்த மெல்லிய குரலில்.

இவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப பரவாயில்ல” என்றாள், திரும்பாமலே.