முதலில் கல், பிறகு மணல்

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவுக்கு அந்தப் பள்ளம் முன்பே தெரியுமா என்று போனில் கேட்டாய். எனக்குத் தெரியாது. அப்போது அவர் பக்கத்து அறையில் இருந்தார், அதனால் சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றினேன், நீயும் புரிந்துகொண்டு வைத்துவிட்டாய். மிச்சத்தை எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒன்றுமில்லை, அப்பாவின் ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்படுகிறது, நீ ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

நாளைக்கு விசாரணை. எதைக் கேட்கப்போகிறார்கள் என்பது உனக்குத் தெளிவாக இருக்கட்டும். கட்டட வேலை நடந்த இடத்தில் பழைய மதில் சுவரின் அடியை ஒட்டிக் குழாய்க்காகப் பள்ளம் தோண்டியிருந்தது, சுவர் சரிந்தது, பள்ளத்துக்குள் நின்ற கொத்தனார் இறந்துபோனார். ஆளை இறக்கலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்லவேண்டிய இன்ஜினியர் உன் அப்பா. காலையில் அவர் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன பிறகு கொத்தனாரே யாரையும் கேட்காமல் தோண்டிக்கொண்டார் என்கிறது கம்பெனி. அப்பா அதற்கு ஆமாம் போட்டால் வேலை திரும்பக் கிடைக்கும், பழி செத்தவர் தலையில் விழும், அவர் மனைவிக்கு ஒன்றும் கிடைக்காது. பள்ளம் முன்பே இருந்தது, நான் பார்த்தேன் என்றால் அப்பா மேல் வழக்கு வரும். எது நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும், அதை நம்பலாமா என்று நான் உட்கார்ந்து யோசிப்பேன். என்னை உனக்குத் தெரியும்.

வேலைக்கு வரவேண்டாம் என்று கம்பெனி சொன்ன பிறகு அப்பா ஒரு பெரிய மீன்தொட்டி வாங்கினார். ஹாலில் டிவி இருந்த இடத்தில் இப்போது அதுதான் நிற்கிறது. சிக்லிட் என்ற மீன் வகைக்காக, ஏரியின் அடி எப்படி இருக்குமோ அப்படியே செய்யவேண்டும் என்றார். பிளாஸ்டிக் செடி கூடாது, கலர் கூழாங்கல் கூடாது, பின்பக்கக் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் மட்டும். உன் மாமா ஆசையாக ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு வாங்கிவந்தான், வாயைத் திறந்து திறந்து காற்றுக்குமிழி விடும். மச்சான், இது இருந்தாத்தான் வீட்ல ஒருத்தராவது வாயைத் திறக்கிற மாதிரி இருக்கும் என்றான். அப்பா சிரிக்கவில்லை, நான்தான் சிரித்துவிட்டேன். தண்ணீர் என் பொறுப்பு. இந்த மீனுக்கு உப்புப் படியும் கடினமான தண்ணீர்தான் வேண்டுமாம், நம் குழாயில் வருவது போலவே. ஹீட்டரைக் கெடுக்கிறது என்று இத்தனை வருஷம் திட்டிய தண்ணீருக்கு இப்படி ஒரு மரியாதை. நான் தண்ணீர் சோதிக்கும் லேபிலிருந்து மருந்து கொண்டுவந்து, மீனுக்கு விஷமான அம்மோனியா எவ்வளவு இருக்கிறது என்று தினமும் பார்த்தேன், அது அடங்கும்வரை வெறும் தண்ணீரில் ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அந்த வெறும் தண்ணீரின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வேலைக்குப் போகும்போது பார்த்தால் உட்கார்ந்திருப்பார், வரும்போதும் அப்படியே.

தொட்டியை அவர் அடுக்கிய விதத்தைச் சொல்லவேண்டும். முதலில் மணலைக் கொட்டி, பின்னால் உயரமாகவும் முன்னால் சரிவாகவும் பரப்பினார். அதன் மேல் ஆற்றுக்கற்களைப் பாதி புதைந்த மாதிரி வைத்து, பெரிய பலகைக்கல் ஒன்றைக் குகைக்குக் கூரையாகச் சாய்த்தார். பார்க்க உண்மையான ஏரி மாதிரி இருந்தது, நானே நின்று பார்த்தேன். மீன் விட்டோம். அதில் பெரிய நீலம் ஒன்று மற்றதையெல்லாம் விரட்டும், அதற்குத் தாதா என்று பெயர் வைத்தது உன் மாமாதான். அந்தத் தாதா பலகைக்கல்லுக்கு அடியில் போய் மணலை வாய்நிறைய அள்ளிவந்து முன்னால் துப்பும், மறுபடி போகும். இந்த மீனுக்கு அதுதான் பிழைப்பு. கல்லை நேராகக் கண்ணாடித் தரையில் ஊன்றிவிட்டுப் பிறகுதான் மணல் போடவேண்டும் என்று மீன்கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார், நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். சுவரும் அஸ்திவாரமுமாகவே காலம் கழித்த மனுஷருக்கு இதை யாரும் சொல்லவே வேண்டாம். கல் ஆடுது, சரிஞ்சிடும்போல இருக்கே என்றேன். தெரியும் என்றார். எடுத்து வைங்களேன் என்றேன். பாக்கலாம் என்றார். கையை விட்டு ஒரு பக்கம் தள்ளினால் போதும், நாற்காலியை விட்டு எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கல் சரிந்தது. தாதா தப்பிவிட்டது. அடியில் ஒண்டியிருந்த சின்ன மஞ்சள் மீன் மாட்டிக்கொண்டது. ஏன் நான் கையை விடவில்லை என்று கேட்பாய். அவர் விடுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மீனைப் பார்க்கவில்லை.

மறுநாள் மீனையெல்லாம் வாளிக்கு மாற்றி, மணல் முழுவதையும் வாரி எடுத்து, கண்ணாடி கீறாமல் அடியில் பிளாஸ்டிக் வலையை விரித்து அதன் மேல் கல்லை ஊன்றினார். ஒவ்வொரு கல்லையும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை வைத்தார். கடைசியில் மணலைப் போட்டார். இப்போது தாதா எவ்வளவு தோண்டினாலும் ஒன்றும் அசையாது. இதை வைத்து நீ எந்த முடிவுக்கும் வராதே. ஒரே ஒரு சோதனையை வைத்துத் தண்ணீர் நல்லது கெட்டது என்று நான் எழுதிக்கொடுப்பதில்லை. பள்ளத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவர் செய்கிற காரியம் மாதிரியும் இருக்கிறது. பார்க்காமல் விட்டவர், பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தன்னையே வதைத்துக்கொள்கிற மாதிரியும் இருக்கிறது. எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

நேற்று மாமா வந்தான். சட்டக் கல்லூரியைப் பாதியில் விட்டவன் என்றாலும் இந்த வீட்டில் அவன்தானே ஜட்ஜ். மச்சான், அந்தாள் போயிட்டாரு, நீங்க என்ன சொன்னாலும் திரும்பி வரப்போறதில்ல, இருக்கிறவங்களைப் பாருங்க என்றான். அப்பா தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா, நீயாவது சொல்லேன் என்று என் பக்கம் திரும்பினான். காப்பி ஆறுது, குடி என்றேன். செருப்பை மாட்டும்போது, இந்த வீட்ல மீனே பரவாயில்ல என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

நாளைக்கு நீ போன் செய்யாதே, நானே செய்தி அனுப்புகிறேன். இணையத்தில் வந்த செய்திக்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு அழாதே. உன் வேலையிடத்தில் யாராவது கேட்டால் தெரியாது என்று சொல், அது பொய்யில்லை. வாய்க்குப் பிடித்ததைச் சமைத்துச் சாப்பிடு. அந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதியைக் கடைசி நாள்வரை இழுக்காமல் புதுப்பித்துவிடு. உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கவேண்டும், யார் முன்னாலும் கண்ணைத் தாழ்த்தாமல் நீ நடக்கவேண்டும். எனக்குத் தெரிந்த ஆசீர்வாதம் இவ்வளவுதான்.

அன்புடன்,
அம்மா

மறுநாள். கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை, நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நீண்ட மேஜை போட்ட ஒரு அறை, சுவரோரம் எங்களுக்கு பெஞ்சு. கொத்தனாரின் மனைவி என்னோடு அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், நான் யார் என்று தெரிந்தேதான். பள்ளம் எப்போது தோண்டப்பட்டது என்று அதிகாரி கேட்டார். கம்பெனி வக்கீல் எழுவதற்குள் அப்பா, முதல் நாள் சாயங்காலமே தோண்டியாச்சு, காலைல ஓரத்துல நின்னு பார்த்தேன், ஒரு நாள் தாங்கும்னு நினைச்சேன், நான்தான் அவரை இறங்கச் சொன்னேன் என்றார். மாமா எழுந்து வெளியே போய்விட்டான். அந்த அம்மா யாரிடமும் அனுமதி கேட்காமல், இறங்கமாட்டேன்னு அவர் ஏதாவது சொன்னாரா சார் என்று அப்பாவையே கேட்டார். அறையில் யாரும் தடுக்கவில்லை. பயமா இருக்கு சார்னு சொன்னாரும்மா, பத்து நிமிஷ வேலைதானேன்னு நான் சொன்னேன் என்றார் அப்பா. அந்த அம்மா தலையை ஆட்டினார், பிறகு குனிந்து புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நான் கையை நீட்டவில்லை. நீட்டும் உரிமை எனக்கு இல்லை என்று பட்டது.

பிற்பகலில் அப்பாவைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். மாத்திரையும் மாற்றுச் சட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சட்டையை வாங்கிக்கொண்டு, பொண்ணுக்கு எழுதிடு, நானே சொன்னேன்னு எழுது என்றார். எழுதிவிட்டேன்.