என் அரிஷ்டத்தில் உலோகம் இல்லை

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே தங்கை என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள். அப்பா வைத்தியசாலையை இருவருக்கும் பாதிப் பாதியாக எழுதிவைத்துவிட்டுப் போனார். எனக்கு நோயாளிகளும் மருந்து காய்ச்சும் கொட்டகையும். அவளுக்கு ஒரு கண்ணாடி அறை. வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு அதற்குள் உட்கார்ந்து, நான் செய்வதையெல்லாம் சந்தேகப்படுவதுதான் அவள் உத்தியோகம். தரக்கட்டுப்பாடாம்.

இத்தனை காலம் மூலிகை மூட்டை வந்ததும் அதில் ஒரு பிடி லேபுக்குப் போகும். சுத்தம் என்று பதில் வரும். கதை முடிந்தது. இப்போது இவள், ஊறவைத்து வடித்துப் பாட்டிலில் அடைத்த அரிஷ்டத்தையே அனுப்பியிருக்கிறாள். மக்கள் குடிப்பது மூட்டையை அல்ல, பாட்டிலைத்தானே என்று தத்துவம் வேறு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் காரீயம் இருக்கிறதாம். அனுமதித்த அளவைவிடப் பல மடங்காம்.

பஸ்மம், செந்தூரம் என்று உலோகத்தைச் சுட்டு மருந்து செய்கிறவனிடம் இதைச் சொன்னால் நியாயம் உண்டு. நான் செய்வது பட்டையையும் வேரையும் காய்ச்சி, வெல்லம் கரைத்து, ஜாடியில் ஒரு மாதம் புளிக்க விடுகிற சமாசாரம். காரீயம் எங்கிருந்து வரும்? கூரையைப் பிய்த்துக்கொண்டு குதிக்குமா?

"விக்கிறத நிறுத்துண்ணா."

"முதல்ல உன் வாயை நிறுத்து."

மார்ச் 4

வயிறு மந்தம். நேற்றைய சண்டை செரிக்கவில்லை போலிருக்கிறது. இரண்டு மூடி அரிஷ்டம் கூடுதலாகக் குடித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

எதிர் வரிசைத் தையல்காரி வந்தாள். பிள்ளை பெற்ற உடம்பை என் அரிஷ்டத்தால் தேற்றிக்கொண்டவள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான், இவள் இன்னும் அரிஷ்டத்தை விடவில்லை. அடிவயிற்றைப் பிடித்து முறுக்குகிறதாம். வெளிக்கும் சரியாகப் போகவில்லையாம். நாடி பார்த்தேன். வாயு. வேளைக்கு இரண்டு மூடி என்பதை நான்காக்கினேன்.

"ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கணும்னாங்க வைத்தியரே. நான் எழுந்து வந்துட்டேன்."

"நல்ல காரியம் பண்ணினே. அவங்க மனுஷனுக்கு வைத்தியம் பார்க்கிறதில்ல, பேப்பருக்குப் பார்க்கிறாங்க. பயத்தை அச்சடிச்சு ரிப்போர்ட்டுனு கையில கொடுப்பாங்க."

வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கையின் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பாட்டில் தகரத்தை நக்குவது போல ஒரு ருசி. சமையலைக் குறை சொன்னேன். "கோளாறு உங்க நாக்குல, என் அடுப்புல இல்ல," என்றாள் மனைவி. அதோடு விட்டாளா? "உங்க தங்கச்சி சொல்றதையும் ஒரு காது கொடுத்துக் கேளுங்களேன்."

இரண்டு காதையும் அவளுக்கே கொடுத்தாயிற்று, வாய் ஒன்றுதான் மிச்சம் என்றேன். நாத்தனாரும் அண்ணியும் ஒட்டிக்கொண்டால் ஆண்பிள்ளைக்கு வீட்டில் என்ன வேலை? பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

மகாராணி குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டாள். ஜாடியாம்!

அப்பா காலத்து ஜாடிகள் விரிசல் விட்டதால் போன வருஷம் புதிதாக வாங்கினேன். பச்சைப் பூச்சு, முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. அந்தப் பளபளப்பில்தான் காரீயம் கலந்திருக்குமாம். அரிஷ்டத்தின் புளிப்பு அதை அரித்து அரித்து உள்ளே இழுக்குமாம்.

"ஸ்டீல் டிரம்முக்கு மாறிடலாம்ணா."

உலோகத்தை விரட்ட உலோகத்தில் ஊற்றச் சொல்கிற புத்திசாலியை இன்றுதான் பார்க்கிறேன். மருந்தில் உலோகம் இறங்கக் கூடாது என்றுதானே பீங்கானில் ஊறவைக்கிறோம்! பிளாஸ்டிக் வேண்டாம், ஸ்டீல் வேண்டாம் என்று தேடித் தேடி வாங்கிய ஜாடி அது.

பந்தயம் கட்டினேன். ஒரே அண்டாக் கஷாயம். பாதி என் ஜாடியில், பாதி அவள் டிரம்மில். இரண்டையும் நானே ஊற்றி, நானே துணி கட்டி, மண் பூசி, அறையைப் பூட்டினேன். சாவி என்னிடம். லேபும் நான் சொல்கிற லேப். ஜாடி சுத்தம் என்று வந்தால் அவள் கண்ணாடி அறையைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும். சரி என்றாள். என்ன நெஞ்சழுத்தம்!

போகிற போக்கில் கிடங்கைப் பூட்டிவிட்டாள். கடைகளுக்கும் போன் போட்டு, இருப்பை விற்காதீர்கள் என்று சொல்லிவிட்டாள். என் மானம் கப்பலேறிவிட்டது. ஆனால் என் அறை அலமாரியில் ஒரு பெட்டி அரிஷ்டம் இருப்பது அவளுக்குத் தெரியாது.

மார்ச் 20

தையல்காரிக்குக் காகிதத்தில் சுற்றி ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினேன். என் மருந்தை நானே திருட்டுச் சரக்கு மாதிரி கொடுக்க வேண்டியிருக்கிறது. நாடி பிடிக்கும் விரல்கள் மரத்துப்போகின்றன. வயசாகிறது, வேறென்ன.

மார்ச் 28, வெள்ளி

தையல்காரிக்குக் கத்தரிக்கோல் கையில் நிற்கவில்லையாம். யாருடைய பள்ளிச் சீருடையையோ கோணலாக வெட்டிவிட்டு, துணி கொடுத்தவள் வாயில் விழுந்து எழுந்திருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது. ரத்தக்குறைவு என்றேன். வயிறு?

"அப்படியேதான் இருக்கு வைத்தியரே. நீங்க இருக்கீங்களே, சரியாயிடும்."

இன்னொரு பாட்டில் கொடுத்தேன். கொடுக்கும்போது ஏனோ அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏன்? எனக்கென்ன பயம்? காற்றில் கயிறு திரிக்கிறவள் ஒருத்தி வீட்டில் இருந்தால் இப்படித்தான், இல்லாத பாம்பெல்லாம் தெரியும்.

ஏப்ரல் 11, வெள்ளி

பூட்டைத் திறந்தேன். கட்டு கலையவில்லை, மண் உதிரவில்லை. நானே இரண்டு புட்டிகளில் வடித்து நானே பஸ் ஏறி ஊரின் மறு கோடியிலுள்ள லேபில் கொடுத்தேன். நான் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அறையைக் காலி செய்ய அட்டைப்பெட்டி வேண்டுமா என்று தங்கையிடம் கேட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

டிரம் சுத்தம்.

ஜாடி —

நான் ஊற்றினது. நான் கட்டினது. சாவி என் இடுப்பில் இருந்தது. யாரைப் பிடித்துத் திட்டுவேன்?

அவள் சிரித்திருந்தால் அறைந்திருப்பேன். சிரிக்கவில்லை, பாவி. தாளைப் படித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் தினமும் குடிக்கிறேல்ல? உதட்டைத் தூக்கிக் காட்டுண்ணா."

"போடி."

"கண்ணாடியிலயாவது போய்ப் பாரு. காரீயம் ஏறினா ஈறுல கோடு விழும்."

பார்த்தேன். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் நீலமாக ஒரு கோடு. ஒரு நாளைக்கு எத்தனை பேரை நாக்கை நீட்டச் சொல்கிறேன்! என் வாயை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. வாயு என்றேனே. ரத்தக்குறைவு என்றேனே. வயிறு வலிக்குதுன்னு வந்தவளுக்கு நாலு மூடி குடின்னேனே, ஐயோ... என்ன காரியம்டா பண்ணினே.

அலமாரிப் பெட்டியைத் தங்கையிடம் எடுத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தாள். "மீதி யாருக்குக் கொடுத்தே?" என்று அவள் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஏப்ரல் 18, வெள்ளி

தையல் கடைக்குப் போனேன். கடையில் வேறு ஆளில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி, பூச்சு, காரீயம், இரண்டு லேப். தாளையும் நீட்டினேன். அவள் கை நீட்டி வாங்கவில்லை.

"பயத்தை அச்சடிச்சுக் கொடுப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேம்மா. இது நிஜம்."

"உங்க தங்கச்சி உங்களையும் மாத்திட்டாங்க. நான் மாற மாட்டேன் வைத்தியரே. இந்த மருந்துதான் என்னை எழுப்பி உட்கார வெச்சுது."

மேஜை இழுப்பறையில் பாட்டில் இருந்தது. பாய்ந்து எடுக்கப் போனேன். அவளும் பிடித்துக்கொண்டாள். இழுத்தோம். அவள் கையிலும் வலுவில்லை, என் கையிலும் வலுவில்லை. இரண்டு நோஞ்சான்கள் ஒரு பாட்டிலுக்காக மல்லுக்கட்டுவதைத் தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாட்டில் நழுவி விழுந்து உடைந்தது. வெட்டி வைத்திருந்த துணியெல்லாம் அரிஷ்டம்.

அவள் அழுதாள். நான் அந்த இடத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எப்படிக் கெஞ்சுவதென்று எனக்குத் தெரியாது, பழக்கமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போம்மா, ரத்தம் கொடும்மா என்றே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கடைசியில் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "நீங்க முதல்ல ஊசி குத்திக்கோங்க. அப்புறம் பார்க்கலாம்."

ஏப்ரல் 19, சனி

ஆஸ்பத்திரியில் குத்திக்கொண்டேன். பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு அவளும் கையை நீட்டினாள்.

ஏப்ரல் 24, வியாழன்

இரண்டு பேருக்கும் இருக்கிறது. எனக்கு அதிகம், அவளுக்குக் கொஞ்சம் குறைவு. ரத்தத்திலிருந்து காரீயத்தை இறக்க மருந்து இருக்கிறதாம். வயிறு சீக்கிரம் தேறும், கை எப்போது, எவ்வளவு தேறும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். என் வயசில் பாதிதான் இருக்கும். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அவளைக் கடிந்துகொண்டார். அவள் என் பக்கம் கையைக் காட்டினாள்.

குடித்தவர்கள் எல்லோரும் ரத்தம் சோதித்துக்கொள்ளச் சொல்லித் தங்கை அறிவிப்பு எழுதியிருக்கிறாள். கீழே என் பெயர்தான் இருக்க வேண்டும் என்றாள், ஈவு இரக்கமே இல்லாமல். போட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் தையல்காரி மருந்துப் பையோடு தனியாக நின்றிருந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. வண்டி பிடிக்கிறேன், சேர்ந்தே போய்விடலாம் என்றேன்.

"வேண்டாம் சார்," என்றாள். "நான் போய்க்கிறேன்."