பாவாடைக்கு வந்த குறிப்புகள்

போன வாரம் அச்சு இயந்திரத்திலிருந்து தாள்கள் இரண்டு பிரதிகளாக வந்து விழுந்தன. ஒன்று போதும் என்பது எனக்குத் தெரியும். கை பழக்கத்தில் இரண்டை அழுத்தியிருக்கிறது. சூடாக இருந்த இரண்டாவது பிரதியை என்ன செய்வதென்று தெரியாமல் மேசையின் மறுபக்கத்தில், நீ உட்காரும் இடத்தில் வைத்தேன்.

நம் குறுக்கெழுத்துக் குழுவின் இந்த மாதப் போட்டிக்கு வந்த குறிப்புகள் அவை. கொடுத்த சொல் 'பாவாடை'. அதற்குப் புதிர் போலக் குறிப்பு எழுத வேண்டும். சொல்லின் பொருளும் இருக்க வேண்டும், சொல்லைப் பிரித்துச் சேர்க்கும் வழியும் ஒளிந்திருக்க வேண்டும். அனுப்பியவர் பெயர் நமக்குத் தெரியாது. நீயும் நானும்தான் நடுவர்கள். இந்த முறை நான் மட்டும்.

நாம் பழகியதே ஒரு குறிப்பால்தான். செங்கல்பட்டு போகும் காலை வண்டியில், பெண்கள் பெட்டியில், 'அந்த மனிதரைக் கூட்டு வைக்கலாம்' என்ற வரியோடு நான் முட்டிக்கொண்டிருந்தேன். என் தோளுக்கு மேலிருந்து யாரோ சொன்னார்கள்: "அவரைபா. அவரைக்காய்." திரும்பினால் நீ. அதன் பிறகு வாலாஜாபாத் எப்போது வந்தது, எப்போது போனது என்று நான் கவனித்ததே இல்லை.

நடுவராக உட்கார்ந்தால் நீ வேறு ஆள். "குறிப்புல ஒரு வார்த்தைகூட சும்மா உக்காந்துக்கினு இருக்கக் கூடாதுபா" என்பாய். மாதம் தவறாமல் அனுப்பியும் ஒருமுறைகூடத் தேறாத ஒருவருக்கு, எழுத்துநடையை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, மதிப்பெண் கூட்டிப் போடச் சொன்னேன். நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டாய். "பாவம் பாத்தா போடுவ? அந்தாளு ஜெயிச்சிட்டதா நெனைச்சிப்பாரு. அது ஏமாத்துபா." அன்று முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை.

நெஞ்சு எரிகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை. நான் அழவில்லை. காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனேன். வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

தாளைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு குறிப்பில் நின்றுவிட்டேன்.

'அலமாரியைத் திறந்தால் பாட்டும் வாசனையும், பெண் உடுத்துவது.'

பாட்டு, பா. வாசனை, வாடை. பெண் உடுத்துவது, பாவாடை. எல்லாம் சரி. 'அலமாரியைத் திறந்தால்' எதற்கு?

எதற்கென்று எனக்குத் தெரியும். உன் புடவைகளை யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று உன் வீட்டுக்காரர் என்னை ஒருநாள் கூப்பிட்டிருந்தார். காந்தி ரோட்டுக் கடையில் நாள் முழுக்கப் பட்டுப்புடவை விரித்துக் காட்டுகிற மனிதர். உன் அலமாரியைத் திறந்துவிட்டு ஒன்றையும் எடுக்காமல் நின்றார். பிறகு மூடினார். "அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார். "வார்த்தையப் பிச்சிப் பிச்சி என்னாதான் பண்றீங்க ரெண்டு பேரும்" என்று நம்மைக் கிண்டல் செய்தவர், நீ போன பிறகு குழுவில் சேர்ந்திருந்தார். இதுதான் அவருடைய முதல் குறிப்பு.

நெடுநேரம் பேனாவைத் திறக்கவில்லை. உன் இடத்தில் இருந்த தாளைப் பார்த்தேன். பிறகு பக்கத்தில் எழுதினேன்: 'முதல் இரண்டு சொற்களுக்கு வேலை இல்லை. தேறாது.' பரிசை 'இடுப்பில் கட்டச் செய்யுளோடு குளிர்காற்று' என்ற குறிப்புக்குக் கொடுத்தேன். செய்யுள், பா. குளிர்காற்று, வாடை. அதில் எல்லாச் சொல்லும் உழைத்தன. எழுதும்போது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

முடிவு குழுவில் வந்த மறுநாள் காலை, பால் வாங்கப் போன இடத்தில் உன் வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

"மொதல் ரெண்டு வார்த்தைக்கு வேலை இல்லன்னு போட்டு இருக்கியேம்மா."

"ஆமாண்ணா."

"என்னுதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்ணா."

பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "அவ இருந்தாலும் இதான் சொல்லி இருப்பாளா?"

"இன்னும் மோசமா சொல்லி இருப்பாண்ணா."

அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, மற்றதும் வரவில்லை. "அடுத்த மாசம் என்னா வார்த்தை?" என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். "சீக்கிரம் சொல்லுமா. யோசிக்கணும் இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இன்று ரயிலடிக்கு வெளியே புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள். பலகையில் 'பலகாரம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. பல, காரம். நான் தேடாமலே குறிப்பு வந்துவிட்டது. "நிறையக் காரம் போட்டும் இனிக்குதுபா" என்று நீ நிற்கும் பக்கமாகத் திரும்பிச் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் நின்றிருந்த பெண் பயந்துபோய், "என்னாக்கா?" என்றாள்.

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்தேன்.