ஈப்போவுக்குப் போன சிவப்புக் கார்டு

இன்று காலை அரிசி டின்னைக் கழுவிக் கவிழ்த்தபோது, அடியிலிருந்து உங்கள் அம்மாவின் மஞ்சள் துணி விழுந்தது. முடிச்சுப் போட்ட சுருக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. நீங்கள் போய் மூன்று வருடம். உங்கள் அம்மா போய் முப்பது வருடம். அந்தத் துணிக்கு மட்டும் சாவு இல்லை போலிருக்கிறது.

கல்யாணமாகி ஏழு வருடமாகியும் நாம் இருவர் மட்டுமாக எங்கும் போனதில்லை. "கீழ ஈப்போ டவுனுக்குப் போலாம் புள்ள. சனிக்கிழமை போயிட்டு ஞாயிறு வந்துடலாம்லா. ஒரு கோயிலு, ஒரு படம், அவ்வளவுதான்" என்றீர்கள். தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு சேலையை மடித்தேன். பிள்ளைகள் இரண்டையும் உங்கள் அம்மாவிடம் விட்டோம்.

நம் எஸ்டேட் லைன் வீடுகளில் மருமகளின் அடையாளக் கார்டு மாமியார் கையில்தான் இருக்கும். வெளியூர் போனால் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் அம்மா அரிசி டின்னுக்குள் கைவிட்டு ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து, "இந்தா, ஒன்னோடது. தொலைச்சிராத" என்று கொடுத்தார்கள். அவர்கள் கண்முன் அவிழ்த்துப் பார்த்தால் அதற்கொரு சண்டை. அப்படியே ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஈப்போ லாட்ஜில் புடவை மாற்றும்போதுதான் பிரித்தேன். சிவப்பு. குடியுரிமை கிடைத்த என் கார்டு நீலம். கிடைக்காத உங்கள் அம்மாவுடையது சிவப்பு. படத்தில் அவர்கள் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மாவுக்குக் கண்ணு தெரியல, பாவம்" என்றீர்கள்.

"ஊசியில நூலு கோக்கத் தெரியிற கண்ணுக்குச் செவப்பும் நீலமும் தெரியாதா?" என்றேன். இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறேன்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்டுகளைத் தேடி ராணுவம் மலைரோட்டில் பஸ்ஸை நிறுத்திய காலம் அது. இறங்கி வரும்போது கையசைத்து விட்டுவிட்டார்கள். ஏறும்போது விடுவார்களா? அடுத்தவர் கார்டோடு பிடிபட்டால் உள்ளே போடுவார்கள் என்று லைனில் பேச்சு. சின்னவளுக்கு அப்போது இரண்டு வயது. நான் திரும்பாவிட்டால் அவள் யாரை அம்மா என்று கூப்பிடுவாள்? உங்கள் அம்மாவைத்தானே! சினிமாவில் பகல் காட்சியில் இருக்கை காட்ட ஒருவன் டார்ச் அடித்து வந்தான். கார்டு கேட்கிறார்கள் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்வரிசையில் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். வாங்கித் தந்த மீ கோரேங் நூடுல்ஸை அப்படியே தள்ளி வைத்தேன். அதையும் நீங்களே சாப்பிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மலையடித் தாப்பாவிலிருந்து பஸ் மலை ஏறியது. நல்ல மழை. மூங்கில் காட்டருகே நிறுத்தினார்கள். உங்கள் கார்டைப் பார்த்துத் திருப்பித் தந்த சிப்பாய், என்னுடையதை வாங்கினான். படத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். "டெங்கான் சியாப்பா?" யாரோடு வந்தாய் என்கிறான். உங்களைப் பார்த்தேன். நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்தீர்கள்.

பஸ் கண்ணாடியில் வைப்பர் போய் வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

அதற்குப் பிறகுதான் எழுந்தீர்கள். "பினி சாயா, துவான்." என் பெண்சாதி, ஐயா.

இருவரையும் இறக்கினார்கள். பஸ் போய்விட்டது. தகரக் கொட்டகையில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்து, திட்டி அனுப்பினார்கள். காய்கறி இறக்கிவிட்டு மேலே திரிங்காப்புக்குத் திரும்பிய லோரி ஏற்றிக்கொண்டது. காலிக் கூடைகளுக்கு நடுவே, "பயந்துட்டேன் புள்ள" என்றீர்கள். நான் நனைந்த முந்தானையைப் பிழிந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் நீலக் கார்டை டின்னிலிருந்து எடுத்தேன். உங்கள் அம்மா, "மாறிப் போச்சா?" என்றார்கள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து குழாயடிக்குப் போனாலும் என் கார்டு என் இடுப்பில். நம் மருமகள் வந்த அன்று அவளுடையதை நீட்டினாள். "ஒன்னோடத நீயே வச்சுக்க" என்றேன்.

வைப்பர் போய் வந்த அந்த நான்கு தடவையை நான் மன்னிக்கவில்லை. நீங்களும் "பயந்துட்டேன்" என்றதோடு சரி. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் உங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது நானும் கூடவே ஓடினேன். நர்ஸ் திரும்பி, "பாக்சிக் டெங்கான் சியாப்பா?" என்றாள். பெரியவர் யாரோடு வந்திருக்கிறார் என்று கேட்கிறாள். அவள் கேட்டு முடிக்கும் முன்பே, "லாக்கி சாயா" என்றேன். என் புருஷன்.

உங்கள் காதில் விழட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன்.